தேர்வுக்குப் பதினோரு நாள்

டுலூத்தில் ஏரிக்காற்று
யார் எறிந்தாலும் தட்டை வாங்கி
தான் நினைத்த இடத்தில் வைக்கிறது.
நூற்று எழுபத்தைந்து கிராம் பிளாஸ்டிக்.
சந்தேகப்பட்டு நிறுத்தும் பார்த்தேன்,
சமையலறையில் வெங்காயம் போடும் தராசில்.
சரியாகத்தான் இருக்கிறது.
அப்படியென்றால் குறை மணிக்கட்டில்.

மாலை ஐந்திலிருந்து ஒன்பது வரை
கல்லூரி உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறேன்.
ஐஸ்கிரீம் வாளிகளின் மூடிகளை
ஈரத்தோடு அலமாரிக்குள் சுண்டுகிறேன்:
இரண்டு விரல் உள்விளிம்பில்,
முழங்கை இடுப்பை விட்டு நகராமல்.
பன்னிரண்டில் ஒன்பது உள்ளே.
பதின்மூன்றாவது
மேற்பார்வையாளர் ஹால்வரின் தோளில்.
அவர் மூடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"இடப்பக்கம் சாய்கிறது" என்றார்.

பழைய பொருள் கடையில்
நான்கு டாலருக்கு ஆணிக் காலணி.
நாக்கின் அடியில் மார்க்கரால் ஒரு பெயர்: பெர்னிஸ்.
யாரோ, என்னைவிட அரை அளவு பெரியவள்.
இரண்டு காலுறை போட்டு
மிச்சமுள்ள பெர்னிஸை நிரப்பிக்கொள்கிறேன்.

எதிர் அறை ஒடெஸாவும் தேர்வுக்கு வருகிறாள்.
நாற்பத்தியொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.
இடம் ஏழு.
இந்தக் கணக்கை நாங்கள் இருவரும்
ஒருமுறைகூடப் பேசியதில்லை.

லூத்தரன் தேவாலயத்தின் பின்புறப் புல்லில்
ஒரு கை தூரத்தில் நின்று
என் முகத்துக்கு நேரே எண்ணுகிறாள்.
பத்து என்று சொல்லத் தொடங்குமுன்
தட்டு கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

ஒன்று.
இரண்டு. இன்னும் எல்லாம் தெரிகிறது,
புல், வேலி, வேலிமேல் ஒரு காகம்.
நான்கு.
ஐந்தில் காகம் போய்விடுகிறது.
ஏழில், பள்ளியில்
கூடைப்பந்துக் குழுவின் பட்டியலை
ஒருவர் மெதுவாக வாசித்து முடிக்கிறார்,
என் பெயரைத் தொடாமல்.
எட்டில் வீசிவிடுகிறேன்,
எங்கேயாவது.

எங்கேயாவது என்பது அன்று
தேவாலயக் கூரை.
ஏணி கேட்டு மணியடித்தோம்.
பாதிரியார் பைஜாமாவில் வந்தார்,
"இந்த மாதம் மூன்றாவது" என்றார்.

இந்த ஆட்டத்துக்கு நடுவர் இல்லை.
தவறு நடந்தால்
ஆடுபவர்களே சொல்லித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.
விதிப்புத்தகத்தைப் படுக்கையில் படித்தபோது
எனக்கு அது பிடித்திருந்தது.
படுக்கையில் எல்லோரும் யோக்கியர்தான்.

வியாழக்கிழமை, நான்குக்கு நான்கு.
தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை இழுத்துப் போட்டு
அதுதான் கோடு என்று வைத்திருந்தோம்.
காற்று முதன்முறையாக என் பக்கம்.
தட்டு தாழ்ந்து வந்தது,
பாய்ந்து பிடித்தேன், இரு கையாலும்,
முதலையின் வாய் மூடுவது போல.
குதிகாலின் கீழே ரப்பர்
ஒரு கணம் நெளிந்தது.

"உள்ளேயா?"
"உள்ளே."
அவள் தட்டைச் சட்டையில் துடைத்து
என்னிடமே தந்தாள்.
திரும்பும் வழியெல்லாம்
வேதியியல் பரீட்சை பற்றி நிறையப் பேசினேன்.

இரவு பன்னிரண்டு நாற்பதுக்கு
அவள் கதவைத் தட்டினேன்.
பல்கம்பியோடு வந்து நின்றாள்,
தலைமுடி ஒரு பக்கம் மட்டும் விழித்திருந்தது.
"குழாயை மிதித்துவிட்டேன்."
"எந்தக் குழாய்?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் என் வெறுங்காலையே பார்த்தாள்,
ஈரம் இன்னும் ஒட்டியிருப்பது போல.
"இதற்காகவா எழுப்பினாய்?"
பிறகு, "அப்படியானால் இன்னும் நான்குக்கு நான்கு."
"நான்குக்கு நான்கு."
"காலை ஆறு மணி. நீ குழாயைக் கொண்டுவா."

கதவு சாத்தியது.
உள்ளேயிருந்து, கம்பி போட்ட வாயால்,
எண்ணத் தொடங்கினாள்:
ஒன்று.
இரண்டு.
நடைக்கூடத்துத் தரைவிரிப்பில் ஓடினேன்.
ஐந்து கேட்டபோது
என் அறைக்குள் இருந்தேன்,
தாழ்ப்பாளில் கை,
மணிக்கட்டு சட்டென்று திரும்பியது.